மூன்றாவது ட்ரொம்போனுக்கு ஒரு ஸ்வரம்

நேரடி ஒலிபரப்பு வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். பொத்தான்களையும் கம்பிகளையும் மற்றவர்கள் காட்டித் தருவார்கள். அவை வருடா வருடம் மாறுகிற சாமான்கள். நான் பழகியவற்றில் பாதி இன்றைக்குக் குப்பைக்குப் போய்விட்டன. என்னிடம் கேட்டது அனுபவம். அனுபவம் என்று பெரிதாகச் சொல்லிக்கொள்ள என்னிடம் ஒன்றுமில்லை. தலையில் இடி விழுந்தவள் மாதிரி நின்ற சில பொழுதுகள் இருக்கின்றன. அதில் ஒன்றைத்தான் எழுதுகிறேன்.

என்னைப் பழக்கிய மூத்தவர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம், போட்டால் கோபித்துக்கொள்வார். வெள்ளைக்காரர், வாயைத் திறந்தால் பாதி வசவுதான் வரும். ஒலிபரப்பு நடந்துகொண்டிருக்கும்போது கட்டுப்பாட்டு அறையில் தொலைபேசி அடித்தால் எல்லோரும் காது கேட்காதவர்கள் போல் இருப்பார்கள். அவர் மட்டும் எடுப்பார். குடித்துவிட்டு அழைப்பவர்கள், பிறந்தநாளுக்குப் பாட்டுக் கேட்பவர்கள், அரசாங்கத்தைத் திட்டுபவர்கள் என்று முக்கால்வாசியும் தொல்லை. ஆனால் அந்த நேரத்தில் நாம் செய்வதை உண்மையாகவே கேட்டுக்கொண்டிருப்பவர்களும் அவர்கள்தானே என்பார். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது. ஒட்டாமல் இருந்திருந்தால் சிட்னி முழுவதும் கேட்க ஒரு பெரிய அநியாயத்தை என் கையாலேயே செய்து முடித்திருப்பேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முந்திய காலம். எங்கள் நிலையத்தில் சுபத்ரா என்று ஒரு தயாரிப்பாளர் இருந்தாள். திருச்சிக்காரி, கெட்டிக்காரி, ஜாஸ் என்றால் சோறு தண்ணி வேண்டாம். நிலையத்தின் பழைய இசைத்தாள் அறையைக் கிண்டிக்கொண்டிருந்தவள் ஒருநாள் நடைபாதை முழுக்கக் கேட்கக் கத்திக்கொண்டு வந்தாள். ஒரு காலத்தில் மேற்குச் சிட்னிக் கிளப் ஒன்றில் சனிக்கிழமைதோறும் வாசித்த பெரிய ஜாஸ் குழுவின் தாள்கள் பெட்டி பெட்டியாக அங்கே கிடந்திருக்கின்றன. குழுத் தலைவரின் பெயர் பழைய ஆட்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் தாள்களின் மூலையில் இருந்தது டி. அருளப்பு என்ற பெயர். தமிழன், அக்கா, தமிழன் என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

ஜாஸ் குழுவில் அரேஞ்சர் என்று ஒருவர் இருப்பார். எந்த வாத்தியம் எப்போது நுழையவேண்டும், எங்கே விலகவேண்டும், யாருக்கு எந்த ஸ்வரம் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதிக் கொடுப்பவர். பாட்டு யாரோ ஒருவருடையதாக இருக்கும், குழு வேறொருவருடையது, ஆனால் காதில் விழுவது முழுக்க அரேஞ்சருடைய மூளை. அருளப்பு மற்றவர்களின் பாட்டுகளையும் அப்படி எழுதியிருந்தார், சொந்தமாகவும் இயற்றியிருந்தார். வெளிவந்த இசைத்தட்டு ஒன்றில்கூட அவர் பெயர் இல்லை. எல்லாம் குழுத் தலைவர் பெயரில். அதைக் கேட்டபோதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அருளப்புவுக்கு ஓர் அஞ்சலிக் கச்சேரி என்று முடிவாயிற்று. நகரத்து மண்டபம் ஒன்றில், ஞாயிறு மாலை, நேரடி ஒலிபரப்பு. கடைசி உருப்படியாக அவருடைய சொந்தப் படைப்பு. அதன் தலைப்பை ஆங்கில எழுத்தில் பார்த்த வாத்தியக்காரர்கள் பொட்டுவாரன் என்றார்கள். பொத்துவில் மாதிரி இலங்கையில் ஏதாவது ஊரா என்று சுபத்ரா என்னைக் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது ஊரில்லை, போட்டு வாறன். நாங்கள் யாழ்ப்பாணத்தார் வீட்டைவிட்டு வெளிக்கிடும்போது சொல்வது என்றேன். “அட, நம்ம போயிட்டு வர்றேன் தானா?” என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்தப் படைப்பில் ஒரு சிக்கல் இருந்தது. குழுவில் ட்ரொம்போன் என்ற பித்தளைக் குழலை ஊதுகிறவர்கள் பலர். மூன்றாவது ட்ரொம்போன்காரருக்கான தாளில் கடைசிப் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. நடுவிலேயே அவருடைய வேலை முடிந்துவிடுகிறது. மற்ற எல்லோரும் இறுதிவரை முழங்குகிறார்கள். பக்கம் தொலைந்துவிட்டது என்று கச்சேரிக் குழுவின் நடத்துநர் முடிவு செய்து, விடுபட்ட பகுதியைத் தானே எழுதி நிரப்பினார். நன்றாகத்தான் எழுதியிருந்தார். ஒத்திகையில் எல்லோரும் மெச்சினோம்.

அருளப்புவைத் தேடாமல் இல்லை. சுபத்ரா தேடினாள். சிட்னியில் யாரும் கேள்விப்பட்டதில்லை என்றார்கள். கடைசியில் மெல்பேர்னில், கிரான்பர்னில் இருந்த யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் அகப்பட்டார். இசைக்காரர் அருளப்புவைத் தெரியுமா என்று கேட்டிருக்கிறாள். ஏன் தெரியாது, கோயில் பாடகர் குழுவை நடத்தினவர், நல்ல ஞானஸ்தன், அவர் செத்து எத்தனையோ காலம் என்றாராம் அவர். அவள் இன்னொரு தரமும் கேட்டு உறுதிப்படுத்தினாள். அதற்குப் பிறகுதான் காலஞ்சென்ற என்ற சொல் விளம்பரத்தில் ஏறியது. கடைசி உருப்படிக்கு முன் ஒரு நிமிட மௌனமும் நிகழ்ச்சியில் ஏறியது.

வானொலியில் மௌனம் சின்ன விஷயமில்லை. சத்தம் கொஞ்ச நேரம் நின்றால், ஏதோ கோளாறு என்று நிலையத்து இயந்திரம் தானாகவே வேறு பாட்டைப் போட்டுவிடும். மௌன அஞ்சலி என்றால் அந்த எச்சரிக்கைக் கருவியைக் கையால் அணைத்து வைக்கவேண்டும். அது என் பொறுப்பு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

கச்சேரி அன்று முதற்பாதி கொஞ்சம் இழுத்துவிட்டது. ஆறு மணிக்குச் செய்தி. அது யாருக்காகவும் நிற்காது. அதனால் கடைசி உருப்படியின் முடிவில் சத்தத்தை மெல்லக் குறைத்துத் தேய்த்து, அதன்மேல் அறிவிப்பாளர் நன்றி சொல்லி முடிப்பது என்று சுபத்ரா இடைவேளையிலேயே தீர்மானித்திருந்தாள். மண்டபத்தில் இருப்பவர்கள் முழுவதையும் கேட்பார்கள், வானொலியில் கேட்பவர்களுக்குக் கடைசிப் பகுதி கிடைக்காது. வழக்கமாகச் செய்வதுதான். நானும் சரி என்றேன்.

இரண்டாம் பாதி தொடங்கிச் சற்று நேரத்தில், மண்டபத்து மேடையைப் பார்த்திருந்த எங்கள் கண்ணாடி அறையில் தொலைபேசி அடித்தது. நிலையத்து வரவேற்பில் இருந்த பெண், யாரோ ஒரு முதியவர் கத்துகிறார், உங்கள் மொழி போலிருக்கிறது என்று சொல்லி இணைத்துவிட்டாள். ஹலோ, ஆர் கதைக்கிறது என்றேன்.

“பிள்ளை தமிழோ? நல்லதாப் போச்சு. இஞ்ச பென்டில் ஹில்லில இருந்து தேவராஜன் கதைக்கிறன். நான் செத்துப்போனன் எண்டு உங்கட ரேடியோவில சொல்லுகினம்.”

பென்டில் ஹில் சிட்னியில் நம்மவர் நிறைய இருக்கும் இடம். அங்கே முதியோர் இல்லம் ஒன்றில் யாரோ குழம்பிப்போய் அழைக்கிறார் என்றுதான் நினைத்தேன். நாங்கள் சொன்னது அருளப்பு என்பவரைப் பற்றி, அங்கிள், என்று பொறுமையாகச் சொன்னேன்.

“அருளப்பு என்ர அப்பா. அவர் செத்தது சரி. பாட்டு எழுதினது நான்.”

டி. அருளப்பு. நம் வழக்கப்படி படித்தால் ஆளின் பெயர் அருளப்பு, டி என்பது அவருடைய தகப்பனின் முதலெழுத்து. சுபத்ரா அப்படித்தான் படித்தாள். ஒரு வெள்ளைக்காரி தேடியிருந்தால் அருளப்பு என்ற குடும்பப் பெயரைத் தேடி, தேவராஜனைத் தொலைபேசிப் புத்தகத்திலேயே பிடித்திருப்பாள். இந்த நாட்டுக்கு வந்திறங்கும்போது நம்மில் எத்தனை பேருக்குத் தகப்பன் பெயர் கடைசிப் பெயராகிப் போயிற்று! என்னுடைய வங்கி அட்டையிலும் என் அப்பாதான் இருக்கிறார். இருந்தும் எனக்குப் பொறி தட்டவில்லை. தமிழருக்கு மட்டுமே வரக்கூடிய பிழை அது. கிரான்பர்ன் பெரியவரும் பொய் சொல்லவில்லை. தகப்பனும் இசைக்காரர்தானே.

ஆனால் வானொலிக்கு நான்தான் அவன் என்று சொல்லிக்கொண்டு அழைப்பவர்களும் உண்டு. நம்பிவிட்டு ஏமாந்தால் அது இன்னொரு அவமானம். ஒலிப்பெட்டியில் குழு முழங்கிக்கொண்டிருக்கிறது, நேரம் ஓடுகிறது. ஒத்திகையில் இருந்தவர்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாத ஒன்றைக் கேட்டேன். “அங்கிள், போட்டு வாறனில மூண்டாவது ட்ரொம்போனுக்குக் கடைசிப் பக்கம் ஏன் ஒண்டும் இல்லை?”

மறுபக்கத்தில் அவர் சிரித்தார். “மூண்டாவது ட்ரொம்போன் நான்தானே, பிள்ளை. எனக்குச் சனிக்கிழமை ராத்திரி பாண் பேக்கரியில வேலை. கடைசிப் பாட்டு முடியுமட்டும் நிண்டால் ரயில் போயிடும். அதுதான் நான் நடுவில எழும்பிப் போற மாதிரி எழுதினனான்.”

வாத்தியப் பெட்டியை எடுத்துக்கொண்டு மேடையின் நடுவாலேயே நடந்து போவாராம். சனங்கள் அதையும் நிகழ்ச்சியில் ஒரு வேடிக்கை என்று நினைத்துக் கை காட்டுவார்களாம். குழுவிடம் ஒவ்வொரு வாரமும் சொல்லிவிட்டுப் போகிற சொல்லையே தலைப்பாக வைத்திருக்கிறார். நாங்கள் தொலைந்த பக்கம் என்று நிரப்பி வைத்திருந்தது அந்த மனிதன் ரயிலுக்கு ஓடிய வழியை.

செத்தவன் என்று சொன்னதைப் பற்றி அவர் அதிகம் அலட்டிக்கொள்ளவில்லை. அவருக்குக் கோபம் வேறு. விடுபட்ட பகுதியை நடத்துநர் நிரப்பியிருக்கிறார் என்று அறிவிப்பாளர் பெருமையாகச் சொன்னாரே, அதை நிப்பாட்டுங்கோ என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒன்று கேட்டார். “கடைசிமட்டும் விடுவியளோ? ஆறு மணிக்கு நியூஸ் வந்திடும். அந்த முடிவை நான் ஒருநாளும் கேட்டதில்லை.”

ஒத்திகையிலுமா என்று கேட்டேன். கடைசிப் பாட்டுக்கு யார் ஒத்திகை பார்த்தது, சனம் எழும்பிப் போகிற நேரத்தில் வாசிக்கிறது என்றார். தன் கையால் எழுதிய முடிவை அந்த மனிதர் வாழ்நாளில் காதால் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்கலாம் என்று வானொலியைப் பிடித்துக்கொண்டு இருந்தவரை நாங்கள் முதலில் கொன்றோம். முடிவையும் வெட்டத் தீர்மானித்திருந்தோம். ரிசீவரை மேசையில் வைத்தேன், துண்டிக்கவில்லை.

சுபத்ராவிடம் சொன்னேன். “அக்கா, என்ன சொல்றீங்க? நான் ரெண்டு தடவை கேட்டேனே. இசைக்காரர் அருளப்புதானேன்னு கேட்டேனே.” அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் டி என்ற எழுத்தைக் காட்டி இது மகன், அது தகப்பன் என்றதும் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பொறுப்பில் இருந்த அதிகாரியை அழைத்தோம். அவர் நிதானமாகப் பேசினார். ஒரு தொலைபேசிக் குரலை நம்பி நேரடி ஒலிபரப்பைக் குழப்ப வேண்டாம், திட்டப்படி நடத்துங்கள், உண்மை என்றால் நாளைக்கு வருத்தம் தெரிவிப்போம் என்றார். அலுவலகத்தில் இருந்து பார்த்தால் நியாயமான பேச்சு. எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. ஒரு மண்டபமே எழுந்து நின்று மௌனம் காக்க, அதை அந்த மனிதர் பென்டில் ஹில்லில் உட்கார்ந்து கேட்கவேண்டும், நாளைக்கு நாங்கள் வருத்தம் தெரிவிப்போம்.

நிகழ்ச்சியில் எனக்கு அதிகாரம் இல்லை. என் வேலை சத்தம். ஆனால் மௌனமும் சத்தக் கணக்கில்தான் சேரும். எச்சரிக்கைக் கருவியை நான் அணைக்கப் போவதில்லை என்று அதிகாரியிடம் சொன்னேன். உயிரோடு இருக்கிறவருக்கு மௌனம் தொடங்கினால் நிலையத்து இயந்திரம் ஏதாவது குத்துப்பாட்டை எடுத்துப் போடும், அதற்கும் சேர்த்து நாளைக்கு வருத்தம் தெரிவியுங்கள் என்றேன். அவர், உங்கள் தலையில்தான் விடியும் என்று வைத்துவிட்டார். விடிந்தால் விடியட்டும்.

சுபத்ரா அப்போதுதான் எழுந்தாள். அவளுக்கும் கணக்குப் பிடிபட்டுவிட்டது. மௌனத்தை எடுத்துவிட்டால் ஒரு நிமிடம் மிஞ்சும். அறிவிப்பாளரின் இரங்கல் உரையையும் எடுத்தால் முடிவை வெட்டாமல் விடலாம். செத்ததற்காக ஒதுக்கிய நேரம் அது. காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதினாள்: அவர் உயிரோடு இருக்கிறார், இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறார். அதன்கீழே, மூன்றாவது ட்ரொம்போன் தன் பழைய தாள் முடிந்ததும் எழுந்து போய்விடலாம், அவர் அப்படித்தான் போவார். வேறு ஒரு சொல்லும் வேண்டாம் என்றேன். விளக்கம் சொல்லப்போனால் நேரம் போய்விடும்.

அவள் மேடையோரமாக ஓடிப்போய்க் காகிதத்தைக் கொடுத்ததைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அறிவிப்பாளர் பழம் தின்று கொட்டை போட்டவர், எதற்கும் தடுமாறாதவர். வாசித்தார். எங்கள் கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தார். மறுபடியும் வாசித்தார். வானொலியில் சத்தமே இல்லை. கருவி எப்போது பாயுமோ என்று நொடிகளை எண்ணினேன். பிறகு உள்ளதை உள்ளபடி சொன்னார். மண்டபத்தில் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுத்த சத்தம் ஒலிவாங்கிகளில் வந்து விழுந்தது. கைதட்டல் அல்ல. அதிர்ச்சி. இத்தனை வருட வேலையில் அப்படி ஒரு சத்தத்தை நான் பதிவு செய்ததில்லை.

நடத்துநர் தான் எழுதிய தாளை மூன்றாவது ட்ரொம்போன்காரரின் முன்னாலிருந்து தானே எடுத்து மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். நல்ல மனிதர். குழு தொடங்கியது. நடுவில், பழைய தாள் முடிந்த இடத்தில், ட்ரொம்போன்காரர் எழுந்து வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு மேடையின் நடுவால் நடந்து போனார். சனங்கள் சிரித்தார்கள், கை காட்டினார்கள். சுபத்ரா என் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தாள். நான் சத்தத்தைத் தேய்க்கவில்லை. கடைசி முழக்கம் அடங்கவும் செய்தி தொடங்கவும் சரியாக இருந்தது.

மேசையில் கிடந்த ரிசீவரை எடுத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. அங்கிள் என்றேன். இன்னொரு தரம் கூப்பிட்டேன். இந்த அதிர்ச்சியில் உண்மையாகவே ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்தேன்.

“முடிவு பிழை, பிள்ளை.”

எனக்கு முதலில் விளங்கவில்லை. என்ன அங்கிள் என்றேன்.

“இவ்வளவு காலமும் கேக்காததால தெரியேல்லை. கடைசியில ஒண்டு குறையுது. தாளைக் கொண்டு வாங்கோ, திருத்தவேணும்.”

அடுத்த நாள் அலுவலகத்தில் எனக்கு விழவேண்டியது விழுந்தது, அதை விடுங்கள். பின்னேரம் நானும் சுபத்ராவும் தாள்களோடு பென்டில் ஹில்லுக்குப் போனோம். மரக்கறி வாங்க நின்ற கடையில் விசாரித்தால், கீபோர்ட் சொல்லிக் கொடுத்த தேவன் மாஸ்டரோ என்று கேட்டார்கள். ஜாஸ் பற்றி யாருக்கும் தெரியாது. அவரை ஜாஸ்காரராக அறிந்தவர்களுக்கு அவர் தமிழர்களிடம் மாஸ்டர் என்பது தெரியாது. இரண்டு பெயர்களுக்கு நடுவே ஒரு முழு மனிதர் விழுந்து கிடந்திருக்கிறார். நீங்கள் யாரையாவது தேடும்போது பெயரோடு நின்றுவிடாதீர்கள். எங்கே இருந்தார், என்ன செய்தார், யாருடைய பிள்ளை என்று நாலு கேள்வி சேர்த்துக் கேளுங்கள்.

அவர் ஜன்னலோரம் கதிரையில் இருந்தார். மெலிந்த உடம்பு, பெரிய காதுகள். சுபத்ரா மன்னிப்புக் கேட்கத் தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தினார். “என்ர அப்பாவுக்குச் சிட்னியில அஞ்சலிக் கூட்டம் வைச்ச ஒரே ஆள் நீர்தான். அவர் இருந்தால் சந்தோசப்பட்டிருப்பார்.” அவள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் என்னைப் பார்த்தாள்.

இசைத்தட்டுகளில் பெயர் போடாததைப் பற்றி நான்தான் கொதித்தேன். அவருக்கு அது பழைய கதை. தாள் மூலையில் எழுதிவிட்டேன், அதுவே காணும் என்றார். குழு கலைந்த பிறகும் யாரும் கேட்காமலே எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டிகளை நானும் சுபத்ராவும் வெளியே இழுத்துப் பார்த்தோம். ஒருவரும் வாசித்திராத இசை. அவற்றை ஒவ்வொன்றாக வாசிக்க வைப்பதுதான் இன்றைக்குச் சுபத்ராவின் வேலை. இப்போது தேவராஜன் அருளப்பு என்று முழுப் பெயரும் போடுகிறாள்.

அன்றைக்கு அவர் கேட்டது கடைசிப் பக்கத்தை மட்டும். வெறுமையாக இருந்த மூன்றாவது ட்ரொம்போன் தாளை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு எல்லாவற்றுக்கும் கடைசியில், ஒரே ஒரு ஸ்வரம் எழுதினார்.

சுபத்ரா எட்டிப் பார்த்துவிட்டுத் திகைத்தாள். “ட்ரொம்போன்காரருதான் பாதியிலேயே கிளம்பிப் போயிட்டாரே சார், இதை எப்படி வாசிப்பாரு?”

“வாசல்ல வந்து நிண்டு வாசிக்கட்டும்” என்றார். “சொல்லிப்போட்டுப் போனவன் வரத்தானே வேணும்.”